மூன்றாம் வார்மர்: பழுதில்லாத கருவியும் சூடேறாத குழந்தையும்

கருவி: ரேடியன்ட் வார்மர், படுக்கை எண் 3. இடம்: தென் மாவட்டம் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. புகார்: ராத்திரியில் குழந்தைக்குச் சூடு ஏறவில்லை.

ஆறு வாரத்தில் இதே புகார் ஐந்து முறை பதிவேட்டில் ஏறியிருந்தது. முதல் நான்குக்கும் நேரே ஒரே பதில்: "பார்த்தாயிற்று, கருவி நன்றாக இருக்கிறது." அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. கருவி உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது முறை பார்க்கப் போனது, மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஓராண்டு அப்ரண்டிஸாக அங்கே சேர்ந்திருந்த ஒரு பெண். காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

நான் அந்த மருத்துவமனையின் ஊழியன் இல்லை. மருத்துவக் கருவிப் பராமரிப்பு சொல்லிக்கொடுப்பவன். பயிற்சிக்குப் போயிருக்கும் பிள்ளைகளை இடையிடையே போய்ப் பார்த்து வருவேன். இந்தப் புகாரின் பதிவேடு, அந்தப் பெண்ணின் குறிப்பு நோட்டு, எலக்ட்ரீசியன் அறையின் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊர், ஆள் பெயர் வேண்டாம் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டது, அது நியாயமானதுதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ரேடியன்ட் வார்மர் என்பது மேலே ஒரு ஹீட்டர், கீழே திறந்த படுக்கை. குழந்தையின் வயிற்றுத் தோலில் ஒரு சின்ன சென்சாரை ஒட்டுவார்கள். உள்ளே இருப்பது தெர்மிஸ்டர், வெப்பம் மாறினால் மின்தடை மாறும் பொருள். சர்வோ முறையில் 36.5 டிகிரி என்று வைத்துவிட்டால், தோல் வெப்பம் குறையக் குறையக் கருவி தானே ஹீட்டரைக் கூட்டும். எத்தனை சதவீதம் ஹீட்டர் ஓடுகிறது என்பது பேனலில் தெரியும்.

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5-இலிருந்து 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 36.0-க்கும் 36.4-க்கும் இடையே வந்தாலே குளிர்ப் பாதிப்பு. அதற்கும் கீழே போனால் நடுத்தரத் தாழ்வெப்பம். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான குறைமாதக் குழந்தைக்கு இந்த அரை டிகிரி பெரிய விஷயம். உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, தோல் மெல்லியது, அதன் வழியாக ஈரம் ஆவியாகும்போது சூடும் சேர்ந்தே போகும். சூட்டைக் காப்பாற்ற அந்தச் சின்ன உடம்பு ஆக்சிஜனையும் சர்க்கரையையும் எரிக்கும். அதனால்தான் சிஸ்டர்கள் ஒரே புகாரை ஐந்து முறை விடாமல் எழுதினார்கள்.

முதல் நான்கு முறை

முதல் தடவை தோல் சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். சரியான சந்தேகம். சென்சார் குழந்தைக்கு அடியில் போய்விட்டாலோ ஒட்டு விட்டுப்போனாலோ அளவு தப்பாக வரும். இரண்டாவது தடவை வார்மரையே பணிமனைக்கு இறக்கி, ஹீட்டரின் மின்தடையை அளந்து, முழுச் சூட்டில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். குறை எதுவும் இல்லை. மூன்றாவது தடவை ஏசி காற்று நேரே படுகிறது என்று சொல்லி அதன் இறக்கையைத் திருப்பிவிட்டார்கள். நான்காவது தடவை கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து, அளவீட்டுக் கருவியை வைத்து எல்லாப் புள்ளிகளையும் சோதித்துவிட்டு, "யூஸர் சைடில் கவனிக்கவும்" என்று எழுதிவைத்துப் போனார். அதாவது சிஸ்டர்கள் சென்சாரைச் சரியாக ஒட்டுவதில்லை என்று பொருள்.

நான்கு பேரும் திறமையானவர்கள், நான்கு சோதனையும் முறைப்படி நடந்தவை. ஆனால் நான்கும் காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையே நடந்தவை. புகாரில் ஒவ்வொரு முறையும் ராத்திரி என்று எழுதியிருக்கிறது.

நான்காவது பதிலுக்குப் பிறகு பிரிவின் மருத்துவர், கருவி மீது மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தில் புகார் அனுப்பலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவதற்காக 2015 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய திட்டம் அது. அனுப்பியிருந்தால் அது நல்லெண்ணத்தோடு போன, ஆனால் தப்பான முகவரிக்குப் போன புகாராக இருந்திருக்கும்.

ஐந்தாவது முறை

அந்தப் பெண் டூல் பாக்ஸைத் திறக்கவில்லை. முதலில் நைட் டியூட்டி சிஸ்டரிடம் போய் உட்கார்ந்தார். நோட்டில் எழுதிவைத்திருந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"சிஸ்டர், மூணாம் பெட்ல மட்டும்தான் இப்படி ஆகுதா?"

"அதிகமா மூணுதான். ஒண்ணுலயும் ரெண்டு தடவை ஆச்சு. எழுதலை."

"ஏன் மூணுல அதிகம்?"

"எங்க டேபிளுக்கு நேர் எதிர்ல இருக்கும்மா. ரொம்ப சின்னக் குழந்தையை அங்கதான் போடுவோம், கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்ல."

"அப்போ என்ன செய்வீங்க?"

"தொப்பி, சாக்ஸ் எல்லாம் போட்டும் ஏறலைன்னா எதிர்ப்பக்கம் ஒன்பதுக்கு மாத்திடுவோம். அங்க போனா அரை மணி நேரத்துல சரியாயிடும்."

இந்த மூன்று பதிலில் வழக்கில் பாதி முடிந்துவிட்டது. மூன்றாம் வார்மரில் கோளாறு என்றால் ஒன்றாம் வார்மரிலும் வந்திருக்கக் கூடாது. சென்சார் ஒட்டுவதில் தவறு என்றால், அதே சிஸ்டர் அதே குழந்தைக்கு ஒன்பதில் ஒட்டும்போது மட்டும் எப்படிச் சரியாகும்? மூன்றில் அதிகம் தெரிந்ததற்குக் காரணம், அதிகச் சூடு தேவைப்படும் குழந்தைகள் அங்கே படுத்ததுதான். இரண்டரைக் கிலோ குழந்தைக்கு ஹீட்டர் முப்பது நாற்பது சதவீதம் ஓடினால் போதும். ஹீட்டரின் உச்ச பலம் குறைந்திருந்தால்கூட யாருக்கும் தெரிய வராது. 1,350 கிராம் குழந்தைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு ராத்திரி அவர் அங்கேயே இருந்தார். மூன்றாம் படுக்கை, ஏழாம் படுக்கை, பதினோராம் படுக்கை மூன்றுக்கும் பக்கத்திலிருந்த காலி சாக்கெட்டுகளில் மல்டிமீட்டரை வைத்து, அரை மணிக்கு ஒரு முறை வோல்டேஜைக் குறித்தார். படுக்கைகள் மூன்று ஃபேஸ்களில், அதாவது கட்டடத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று தனித்தனி லைன்களில், பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. எந்தப் படுக்கை எதில் என்பதைச் சுவரில் இருந்த சின்ன பிரேக்கர் பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். பேனலைத் திறக்கவில்லை, அது எலக்ட்ரீசியன் வேலை.

சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று இடத்திலும் ஏறக்குறைய 230 வோல்ட். பத்து மணிக்கு மூன்றாம் படுக்கையில் 211. நள்ளிரவு தாண்டி 199. அதே நேரம் ஏழிலும் பதினொன்றிலும் 247, 246. அதிகாலை 4.50-க்கு மூன்றில் 188, மற்ற இரண்டில் 252, 256.

அந்த நேரத்தில் மூன்றாம் வார்மரில் ஒரு குழந்தை இருந்தது. பேனலில் செட் அளவு 36.5, தோல் வெப்பம் 36.1, ஹீட்டர் 100. எல்லா விளக்கும் எரிகிறது, எந்தக் கோளாறுச் செய்தியும் இல்லை. கருவி தன்னால் முடிந்ததை முழுவதும் செய்துகொண்டிருந்தது. ஹீட்டரின் பலம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 600 வாட் தரும் ஹீட்டர், 188 வோல்ட்டில் தருவது சுமார் 400 வாட். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது, ஆனால் பேனல் 100 என்றே காட்டும். ஹீட்டரை முழுநேரமும் திறந்துவிட்டிருக்கிறேன் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். எத்தனை வாட் வெளியே வருகிறது என்று அது அளப்பதில்லை. பேனலுக்குக் கரண்ட் கொடுக்கும் உள்சப்ளையோ 90 வோல்ட் முதல் 264 வோல்ட் வரை எது வந்தாலும் சமாளிக்கும் வகை. அதனால் திரை மங்கக்கூட இல்லை.

மானிட்டர்களும் சிரிஞ்ச் பம்புகளும் யூபிஎஸ்ஸில் இருந்தன. வார்மர்கள் அதிக மின்சாரம் இழுப்பவை என்பதால் வழக்கம்போல் நேரடி லைனில். ஆகவே மொத்தப் பிரிவிலும் பாதிப்பு தெரியக்கூடிய ஒரே கருவி வார்மர்தான்.

அந்தப் பெண் சிஸ்டரிடம் சொல்லி, குழந்தையை அப்போதே ஒன்பதுக்கு மாற்றச் சொன்னார். ஆறு மணிக்குள் 36.6 வந்துவிட்டது. குழந்தைக்குப் பின்னால் எந்தப் பாதிப்பும் இல்லை.

எலக்ட்ரீசியன் அறையின் பதிவேடு

ஒரு ஃபேஸில் வோல்டேஜ் இறங்கும்போது மற்ற இரண்டிலும் ஏறுகிறது என்றால், எலக்ட்ரிகல் படித்தவர்களுக்கு உடனே தோன்றுவது நியூட்ரல். மூன்று பக்கமும் கயிறு கட்டி இழுக்கும் ஒரு முடிச்சை நினைத்துக்கொள்ளுங்கள். முடிச்சை நடுவில் ஆணியடித்து நிறுத்தியிருப்பது நியூட்ரல் இணைப்பு. ஆணி தளர்ந்தால், எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அந்தப் பக்கம் முடிச்சு நகரும்; அந்த ஃபேஸில் வோல்டேஜ் குறையும், மற்றவற்றில் கூடும். மூன்று பக்கமும் சமமாக இழுத்தால் ஆணி தளர்ந்திருப்பதே தெரியாது.

பகலில் அப்படித்தான் சமமாக இருந்தது. வெளிநோயாளிகள் பகுதி, லேப், அலுவலகம் எல்லாம் ஓடும். ராத்திரியில் அவை நின்றுவிடும். குழந்தைகள் பிரிவின் இரண்டு ஏசியும், நான்கு வார்மரும் இருந்த ஃபேஸ் மட்டும் சுமையோடு நிற்கும். அதிகாலை நாலரைக்குத் தாய்மார் வார்டின் கீசரைப் போடுவார்கள். அதுவும் அதே ஃபேஸ்.

காலையில் அந்தப் பெண் தன் தாளை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீசியனிடம் போனார். அவர் தாளைப் பார்த்தார், எதுவும் பேசாமல் தன் பதிவேட்டை எடுத்து விரித்தார். அதே ஆறு வாரத்தில், அதே கட்டடத்தில், தாழ்வாரத்து எல்இடி ட்யூப்கள் அடிக்கடி போயிருக்கின்றன. ஒரு போட்டோதெரபி விளக்கின் அடாப்டர் புகைந்திருக்கிறது. லேப் கம்ப்யூட்டர் ஒன்றின் பவர் சப்ளை போயிருக்கிறது. எல்லாம் மற்ற இரண்டு ஃபேஸிலும் 250-க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த பொருட்கள். அந்தப் பதிவேட்டிலும் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு வரி: "மாற்றியாயிற்று." அதற்கு ஒரு பக்கம் முன்னால் இன்னொரு பதிவு: கட்டடத்தின் சர்வோ ஸ்டெபிலைசரில் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, உதிரிப் பாகம் வரும்வரை பைபாஸில், அதாவது ஸ்டெபிலைசரைத் தாண்டி நேரடியாக, ஓடுகிறது. ஸ்டெபிலைசர் வேலை செய்தவரை தளர்ந்த நியூட்ரலின் விளைவை அது ஓரளவு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பைபாஸுக்குப் போன வாரத்தில்தான் வார்மர் புகார் தொடங்குகிறது.

இரண்டு அறைக்கும் நடுவே இருபது அடி தூரம். இரண்டு பதிவேட்டையும் யாரும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வழக்கைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுதான். மருத்துவக் கருவித் தொழில்நுட்பர் என்றால் பிளக்குக்கு இந்தப் பக்கம், எலக்ட்ரீசியன் என்றால் சாக்கெட்டுக்கு அந்தப் பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். குழந்தை இரண்டையும் நம்பித்தான் படுத்திருக்கிறது. மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐஇசி 60601, கருவிக்கு வரும் மின்னழுத்தம் குறித்த அளவிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகாது என்ற கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 230-க்கு அது 207. அதற்குக் கீழே போனால் கருவி சொன்னபடி வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் உறுதி தரவில்லை. அந்த 207-ஐக் காப்பது யார் பொறுப்பு என்று அந்த மருத்துவமனையில் எந்தத் தாளிலும் இல்லை.

சரிசெய்தது

தீவிர சிகிச்சைப் பிரிவின் கரண்டை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரம் குறித்தார்கள். நிலை நன்றாக இருந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டும் கங்காரு பராமரிப்பில் வைத்தார்கள். எந்த மின்சாரமும் கேட்காத, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை வந்தபோது தொடங்கிய முறை அது. மிகச் சின்னக் குழந்தைகளின் வார்மர்களுக்குப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்து, வோல்டேஜ் அளந்து பார்த்த பிறகே மாற்றினார்கள்.

பேனலைத் திறந்ததும் வாசமே சொன்னது என்றார் எலக்ட்ரீசியன், சூடேறிய பிவிசி வாசம். அலுமினியக் கேபிளின் நியூட்ரல் லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோகக் காது) செம்புப் பட்டையில் நேரடியாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. லக்கின் ஓரம் சாம்பல் பூத்திருந்தது, உறை பழுப்பாகியிருந்தது, ஸ்பேனரை வைத்ததும் போல்ட் முக்கால் சுற்று சும்மா போயிற்று. அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக இணைத்தால் ஈரக்காற்றில் அந்த இடம் அரிக்கும். தவிர, அலுமினியம் போல்ட்டின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி இணைப்பு தளரும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டாலிக் லக் போட்டு, தொடுபரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, குறித்த அளவு இறுக்கத்துக்கு முடுக்கும் டார்க் ஸ்பேனரால் முடுக்கினார்கள். கீசரை வேறு ஃபேஸுக்கு மாற்றினார்கள். ஸ்டெபிலைசருக்குப் பிரஷ் மறுவாரம் வந்தது.

அன்று ராத்திரியும் அந்தப் பெண் அதே மூன்று சாக்கெட்டிலும் அளந்தார். 226, 229, 231. அதிகாலை 4.50-க்கும் கிட்டத்தட்ட அதேதான்.

பயிற்சி பற்றி

இது ஓர் அபூர்வமான வழக்கு என்று யாராவது நினைத்தால் அதற்கு ஓர் ஆய்வைக் காட்டுவேன். வளம் குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் கருவிகள் ஏன் முடங்குகின்றன என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மால்கினும் உடனாய்வாளரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. 11 நாடுகளில் 60 மருத்துவமனைகள், முடங்கிய கருவிகள் 2,529. அவற்றில் 72 சதவீதத்தை வெளிநாட்டு உதிரிப் பாகம் எதுவும் இல்லாமலே மறுபடி ஓடவைத்திருக்கிறார்கள். அந்தப் பழுதுபார்ப்புகளுக்குத் தேவைப்பட்ட அறிவைப் பிரித்துப் பார்த்தால், அதிகப் பங்கு, 25 சதவீதம், கருவியை நிறுவுவதும் பயன்படுத்துபவருக்குச் சொல்லிக்கொடுப்பதும். குழாய் வேலை 19, பவர் சப்ளை 14. நாம் வகுப்பில் செமஸ்டர் கணக்கில் சொல்லிக்கொடுக்கும் மின்னணுச் சுற்றுகளின் பெயர் அந்தப் பட்டியலின் உச்சியில் இல்லை.

சுற்றுகளைப் படிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வோல்டேஜின் வர்க்கம் என்ற சூத்திரம் தெரியாதிருந்தால் அந்தப் பெண்ணுக்கு 188 என்பது வெறும் எண்ணாகப் போயிருக்கும். ஆனால் புகாரை எழுதியவரிடம் போய்க் கேட்பதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. புகார் வந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எந்தச் செய்முறைத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது. அப்ரண்டிஸ் பிள்ளைகளைப் பல இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டவும், சொத்துப் பட்டியல் எடுக்கவும், கருவியைத் தள்ளிக்கொண்டு போகவும் வைத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒரு உதவித்தொகை, ஆண்டு முடிவில் ஒரு சான்றிதழ். அந்த ஓராண்டில் ஒரு புகாரையாவது ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தனியாக நடத்திப் பார்க்கவிட்டால், அவர்கள் எங்கே வேலைக்குப் போனாலும் பயன்படும். இந்த மருத்துவமனையின் மூத்த தொழில்நுட்பர் அப்படி விட்டார். நான்கு முறை "நன்றாக இருக்கிறது" என்று முடிந்த புகாரை ஒரு பயிற்சிப் பெண்ணிடம் கொடுத்து, "நீ உன் போக்கில் பாரும்மா" என்றார். அதற்கு மனசு வேண்டும்.

சிஸ்டர்கள் மீது பழி போட்ட அந்த நான்காவது வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழுது கிடைக்கவில்லை என்றால் பயன்படுத்துபவர் மீது எழுதிவிடுவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். அதன் விளைவு பதிவேட்டிலேயே தெரிகிறது: ஒன்றாம் படுக்கையில் இரண்டு முறை ஆனதை சிஸ்டர் எழுதவே இல்லை. ஏன் எழுதவில்லை என்று அந்தப் பெண் பின்னால் கேட்டபோது, "எழுதினா எங்களைத்தான சொல்றீங்க" என்று பதில் வந்தது. அந்த இரண்டு பதிவும் இருந்திருந்தால், கோளாறு ஒரு கருவியில் இல்லை என்பது மூன்று வாரம் முன்பே தெரிந்திருக்கும்.

இப்போது அங்கே சில மாற்றங்கள். புகார்ப் படிவத்தில் நேரம், படுக்கை எண், குழந்தையின் எடை, வேறு இடத்துக்கு மாற்றியபோது என்ன ஆனது என்று நான்கு கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. பழுது கிடைக்காத புகாரை மூடும் முன், புகார் வந்த அதே நேரத்தில் வார்டில் ஒருமுறை பார்த்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை எலக்ட்ரீசியனும் கருவித் தொழில்நுட்பரும் இரண்டு பதிவேட்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கிறார்கள். குழந்தைகள் பிரிவின் மூன்று ஃபேஸுக்கும் குறைவு வோல்டேஜ் அலாரம் ஒன்று சிஸ்டர் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள், 207-க்குக் கீழே போனால் அடிக்கும்.

மற்றக் கட்டடங்களின் பேனல்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தார்கள். அறுவை அரங்கக் கட்டடத்திலும் இதே அலுமினிய லக், இதே செம்புப் பட்டை. தளர்வு இன்னும் வரவில்லை, உறையும் நிறம் மாறவில்லை. அதையும் மாற்றிவிட்டார்கள். டயாலிசிஸ் பிரிவின் பேனல் மட்டும் பாக்கி. அங்கே தினமும் இரண்டு ஷிப்ட் ஓடுவதால், நிறுத்துவதற்கு ஒரு தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.